பதினெட்டு ஜன்னல்களுக்கு ஓர் அகத்தூண்டல்

கர்ட்டன் அக்கா வேலையை விட்ட விஷயம் அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது பத்து மணிக்கு. தெருவுக்குத் தெரிந்தது பத்தேகாலுக்கு. நடுவில் நடந்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பதினோரு வருஷம் யூனிஃபார்ம் கம்பெனியில் காலர் தைத்தவள் அவள். சட்டை அல்ல, காலர் மட்டும். கைக்கு ஒருத்தி, பைக்கு ஒருத்தி, காலருக்கு இவள். முழுச் சட்டையை அவள் பார்த்ததெல்லாம் தெருவில் போகிறவர்கள் உடம்பில்தான். அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டின் முன்னறையில் திரைச்சீலைக் கடை போட்டாள். பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் காய்வதற்குள் தெருவே அவளைக் கர்ட்டன் அக்கா ஆக்கிவிட்டது.

எல்லாம் ஒரு கடிதத்தை நம்பி. பெரிய சாலையில் இருக்கிற துணிக்கலை வடிவமைப்புக் காட்சியகம், தன்னுடைய பதினெட்டு ஜன்னல்களுக்கும் திரை தைத்து, முப்பதாம் தேதிக்குள் ஜன்னலில் தொங்கவிட வேண்டும் என்று அவளுக்கு ஆர்டர் அனுப்பியிருந்தது. மறுநாள் அங்கே புதுக் கண்காட்சி திறப்பு. ஒரு நாள் தவறினாலும் ஆர்டர் ரத்து.

யூனிஃபார்ம் கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை. "முப்பதாம் தேதி வரைக்கும் உன் மெஷினை யாருக்கும் கொடுக்க மாட்டேன்மா. நீ வந்துடுவே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த 'வந்துடுவே' அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். விஷயம் தெரிந்ததும், மேலே போவதும் கீழே வருவதும் எனக்குப் புதுசா என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாராம். நான் அப்போது எதேச்சையாக அவர்கள் ஜன்னலோரம் நின்றிருந்தேன்.

ஒன்பதாம் தேதி அளவெடுக்கக் கிளம்பினாள். இஞ்ச் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். எனக்கும் உள்ளே பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஓர் அரிப்பு. போனேன்.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள். ஒன்று, அகத்தூண்டல் பெற; இன்ஸ்பிரேஷன் என்று அடைப்புக்குறிக்குள் இருந்தது. இரண்டு, ஏற்கெனவே பெற்ற அகத்தூண்டலைப் புதுப்பிக்க. மூன்று, இரண்டும். ஜன்னல் அளக்க என்று ஒரு கட்டம் இல்லையே என்று அக்கா கேட்டாள். சாமான் கொண்டுவருகிறவர்களுக்குப் பின்பக்க கேட் இருக்கிறது என்று அந்தப் பெண் அன்பாகச் சொன்னாள். பின்பக்க கேட்டுக்குப் போனோம். சாமான் இருந்தால்தான் கேட் திறக்கும் என்றார் காவலாளி. அளவில்லாமல் துணி வெட்ட முடியாது, வெட்டாமல் தைக்க முடியாது, தைக்காமல் சாமான் இல்லை என்று அக்கா ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினாள். அவர் கடைசி விரல்வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, அதனால்தான் இந்த கேட்டை இன்னும் யாரும் திறந்ததில்லை என்றார்.

முன்பக்கம் வந்து, அக்காவின் பெயரில், என்னைத் துணை என்று எழுதி, முதல் கட்டத்தில் டிக் போட்டோம். உடனே இஞ்ச் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். அளக்கிற மனநிலை அகத்தூண்டலுக்கு ஆகாதாம்.

கூடத்தைப் பார்த்ததும் ஆர்டர் ஏன் வந்தது என்று புரிந்தது. கட்டடத்தை வரைந்தவருக்கும் அகத்தூண்டல் வந்திருக்க வேண்டும். பதினெட்டு ஜன்னலில் ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு, ஒன்று தரையிலிருந்தே தொடங்கியது. எல்லாவற்றின் வழியாகவும் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. காட்சித் துணிகளெல்லாம் சக்கரம் வைத்த சட்டங்களில் தொங்கின. வெயில் நகர நகர, இரண்டு ஊழியர்கள் அவற்றை நிழலுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். பார்வையாளர்கள் சட்டங்களுக்குப் பின்னாலேயே நடந்தார்கள். இதற்கு 'இயங்கும் காட்சி' என்று பெயர் வைத்து ஒரு விருதும் வாங்கியிருக்கிறார்கள். கோப்பை வாசலிலேயே இருந்தது. அதுவும் வெயிலில் வெளுத்திருந்தது.

எங்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அகத்தூண்டல் அலுவலர் வந்தார். மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் ஒரு நூலில் தொங்கவிட்டிருந்தார். அவர் அதைப் போட்டு நான் பார்க்கவேயில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து, "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லைங்க சார்."

"எந்த இடத்துல வர மாதிரி இருக்கு? நெஞ்சா, வயிறா?"

அக்கா பொய் பேசத் தெரியாதவள். எதிரே இருந்த பெரிய நீலத் துணியைக் காட்டி, நெசவில் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது, ஒரே துவைப்பில் கோணிக்கொள்ளும் என்றாள். அலுவலர் அதையும் குறித்துக்கொண்டார். அக்காவின் வருகை அட்டையில் 'தூண்டப்படாதவர்' என்று சிவப்பு முத்திரை குத்தினார். பிறகு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, குடும்பக் கஷ்டம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. இங்க வர்றவங்கள்ல நூத்துக்கு நூறு பேர் அகத்தூண்டல் வாங்கிட்டுப் போறாங்க. இருபது வருஷ ரெக்கார்டு. ஒருத்தர் வெறுங்கையோட போனா எனக்கு மேல இருக்கிறவங்க என்னைக் கேப்பாங்க, அவங்களுக்கு மேல இருக்கிறவங்க அவங்களைக் கேப்பாங்க. உங்களுக்கு வர்ற வரைக்கும் நாங்க விட முடியாது. மத்ததெல்லாம் அப்புறம்தான்."

ஜன்னல் அளவை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று அக்கா கெஞ்சினாள். அவர் உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். அதில் தெளிவாகவே இருந்தது. பெரியது ஏழு, நடுத்தரம் ஆறு, பார்ப்பவர் மனநிலையைப் பொறுத்தது ஐந்து.

பன்னிரண்டாம் தேதி, தூண்டப்படாதவர்களுக்கான தீவிரப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். போனால் அந்தப் பிரிவில் அக்கா ஒருத்திதான். அவளுக்கு உதவியாக, அறுபத்துநாலு தடவை அகத்தூண்டல் பெற்ற ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். மனிதர் ஒரு மூட்டை நூலைப் பார்த்தே விம்முகிற வகை. எப்படி மூச்சு இழுப்பது, எங்கே தலையைச் சாய்ப்பது, எந்தத் துணிக்கு "ம்ம்", எதற்கு "ஆ" என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அறுபத்துநாலு தடவை வந்திருக்கிறதே, நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று அக்கா ஆசையாகத்தான் கேட்டாள்.

"நானா?" என்றார் அவர். "செஞ்சா தீர்ந்துடும்மா."

அன்றைக்கும் சிவப்பு முத்திரைதான்.

தெருவில் இந்தக் கதை கண் காது மூக்கு வைத்துப் பரவிவிட்டது. வைத்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அக்கா முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பதினாறாம் தேதி ஆகிவிட்டது. முன்னறையில் சாம்பல் நிறத் துணி சுருள் சுருளாக வெட்டாமல் கிடந்தது. மேனேஜர் வேறு ஆள்விட்டு, காலர் டிசைன் மாறியிருக்கிறது, வந்தவுடன் பழகிவிடலாம் என்று சொல்லியனுப்பினார். புருஷன் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. அவர் கிண்டல் செய்யாத நாள்தான் அந்த வீட்டில் மோசமான நாள்.

பதினேழாம் தேதி மூன்றாம் முறையாகக் கிளம்பும்போது அக்கா என்னைப் பார்த்து, "உனக்குக் கணக்கு ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டாள். அடுத்தவர் விஷயம் எதுவும் எனக்கு மறக்காது. ஜன்னலும் அடுத்தவருடையதுதானே.

டேப்பைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனதும், அவள் பெஞ்சுக்குப் போகவில்லை. நேராக முதல் ஜன்னலுக்குப் போய், நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி, இரண்டு கைகளையும் அகல விரித்தாள். தையல்காரர்களுக்குத் தங்கள் உடம்பே டேப். விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அவளுக்கு அறுபத்திரண்டு அங்குலம். முழங்கை முதல் நடுவிரல்வரை பதினேழு. சாண் எட்டு. கண்ணை மூடிக்கொண்டு பெருக்கினாள், வாய்க்குள் முணுமுணுத்தாள். கைக்கு எட்டாத உயரத்துக்குக் கண்ணாடிச் சதுரங்களை எண்ணினாள். பிறகு என் காதருகே குனிந்து எண்ணைச் சொல்லிவிட்டு, அடுத்த ஜன்னலுக்குப் போய் மறுபடி விரித்தாள்.

நாலாவது ஜன்னலில் அலுவலர் பார்த்துவிட்டார். பிடிபட்டோம் என்று நான் நினைத்தேன். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டு பின்னோக்கியே நடந்துபோய், திரும்பி ஓடினார். ஆறாவது ஜன்னலில் இயக்குநர் மேடம் வந்தார், கூடப் பதினொரு பேர். சட்டம் தள்ளுகிறவர்கள் தள்ளுவதை நிறுத்திவிட்டதில் நீலத் துணி வெயிலில் மாட்டிக்கொண்டது. யாருக்கும் அந்த நினைப்பில்லை. பன்னிரண்டாவது ஜன்னலில், "நாப்பத்தாறரை" என்று அக்கா கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டாள். அறுபத்துநாலு தடவைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பதினெட்டும் முடிந்து அவள் திரும்பினபோது எல்லோர் கண்ணும் ஈரம். அலுவலர் அட்டையை எடுத்து, எந்த இடத்தில் வந்தது என்று கேட்டார்.

"தோள்பட்டையில சார்" என்றாள் அக்கா. வலி அவளுக்கு.

'தோள்' என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் காட்சியகத்தில் அதற்கு முன் யாருக்கும் தோளில் வந்ததில்லையாம். இயக்குநர் மேடம் அங்கேயே, அந்த வெயிலிலேயே நின்று பேசினார்.

"வருஷத்துக்கு நாலாயிரம் பேருக்கு இங்க அகத்தூண்டல் கொடுக்கிறோம். வெளிய போய் அவங்கள்ல ஒருத்தர்கூட ஊசியைத் தொட்டதில்லை. அந்தத் தூய்மையைக் காப்பாத்துறதுக்குத்தான் இந்தக் காட்சியகம். துணி நெய்யறதும் தைக்கிறதும் யார் வேணா செய்யலாம். துணியால நெகிழ்ந்து போறதுக்கு ஒரு கட்டடம் வேணும், பணியாளர்கள் வேணும், எனக்கு ஒரு அறை வேணும். இன்னிக்கு அதுக்கெல்லாம் அர்த்தம் கிடைச்சிருக்கு."

பச்சை முத்திரை குத்தி டேப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து பதினெட்டு அளவையும் நான் ஒப்பித்தேன், அக்கா பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. என் வாயைக் குறை சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஒன்பது நாளில் பதினெட்டுத் திரை. சாம்பல் துணிதான், பூவும் கிடையாது, கரையும் கிடையாது. எது எந்த ஜன்னலுக்கு என்று தெரிய வேண்டுமே என்பதற்காக ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலால் அடையாளம் போட்டிருந்தாள். முதலாவதற்கு ஒரு தையல், பதினெட்டாவதற்குப் பதினெட்டு. பதினோரு வருஷமாகத் துண்டு துண்டாகத் தைத்தவள், ஒரு முழுப் பொருளை மடித்து வைத்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். கூப்பிடாவிட்டாலும் பார்த்திருப்பேன்.

இருபத்தேழாம் தேதி பின்பக்க கேட் சரித்திரத்தில் முதல் தடவையாகத் திறந்தது. புருஷன் லீவு போட்டு ஏணியோடு வந்து கம்பிகளை அடித்தார், திரைகளைக் கோத்தார். இழுத்துவிட்டதும் கூடம் முழுக்க இதமான நிழல். சட்டம் தள்ளுகிற இரண்டு பேரும் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு எப்படி உட்காருவது என்றே கொஞ்சம் தடுமாற்றம்.

இயக்குநர் மேடம் வந்தார். மூலையில் இருந்த சிவப்புத் தையல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசித் திரையில் நெற்றியை ஒட்டி நின்றுவிட்டார். அப்போதே புருஷன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தோளில் தோன்றியது இதுதானா?" என்றார் மேடம். "இதைப் போய் ஜன்னல்ல போட்டு வெச்சிருக்கீங்களே. வெயில் படாது? இவ்வளவு நல்ல திரையை வெயில்ல விட யாருக்காவது மனசு வருமா?"

ஒரு மணி நேரத்தில் பதினெட்டையும் கழற்றிச் சக்கரச் சட்டங்களில் மாட்டிவிட்டார்கள். 'பதினெட்டு மௌனங்கள், பருத்தி, சிவப்பு நூல், தோள்' என்று சீட்டு ஒட்டினார்கள். தொடாதீர்கள் என்ற பலகையும் வந்தது. உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் எழுந்து, பழைய சட்டங்களோடு பதினெட்டுப் புதுச் சட்டங்களையும் நிழலுக்குத் தள்ளத் தொடங்கினார்கள்.

ஆர்டர் முடிந்ததாக ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று அக்கா அலுவலரிடம் போனாள். அவர் பதினெட்டு ஜன்னல்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து, ஜன்னலில் எதுவும் தொங்கவில்லையே அம்மா, நான் எப்படிப் போடுவது என்றார். மனிதருக்கு நிஜமாகவே வருத்தம். முப்பதாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று ஆறுதலும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா மூன்று விரலை மடக்கி விரித்து நாள் எண்ணிக்கொண்டே வந்தாள். என்னாலேயே பேச முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் புருஷன்தான் சொன்னார்.

"இந்த வாட்டி கேவலமா தையேன். பார்த்தா வாந்தி வர மாதிரி."

"வராதுங்க. கை போகாது."

மிச்சமிருந்த துணியோடு கடனுக்கு வாங்கிய அதே துணியையும் சேர்த்து எடுத்தாள். அளவு கையில் இருந்தது. மூன்று நாள் அந்த மெஷின் சத்தம் எங்கள் வீட்டுக் குழம்புக் கரண்டிவரை அதிர்ந்தது. கோணலாகத் தைக்கவும் முயற்சி செய்து பார்த்தாள். கோணல் அவளுக்கே பொறுக்காமல் பிரித்து நேராக்கினதில்தான் அரை நாள் போயிற்று. முப்பதாம் தேதி மதியம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடினோம். மூன்று மணிக்குப் பதினெட்டும் ஜன்னலில் தொங்கின.

மறுபடி எல்லோரும் கூடினார்கள். மேடம் முதல் திரைக்கு முன்னால் போய் நின்றார். கண்ணை மூடினார். மூச்சை மெல்ல இழுத்தார். அறுபத்துநாலு தடவைக்காரர் சுவரைத் தேடினார். சட்டம் தள்ளுகிற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கர்ட்டன் கம்பி மாதிரி நின்றாள்.

அலுவலர் காட்சிப்பொருள் பதிவேட்டைத் திறந்து, வழக்கப்படி முதல் கேள்வியைக் கேட்டார்.

"படைப்பு முடிஞ்சிடுச்சா?"

"இல்லைங்க சார்" என்றாள் அக்கா. "கீழ் மடிப்பு பாக்கி. குண்டூசிதான் குத்தியிருக்கு."

உண்மையும் அதுதான். நேரம் போதவில்லை. அதோடு, திரை தைக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். தொங்கவிட்டால் துணி தன் கனத்துக்குக் கொஞ்சம் இறங்கும், இறங்கி நின்ற பிறகு கீழே மடித்துத் தைத்தால்தான் எல்லாம் ஒரே மட்டமாக இருக்கும். முதல் தடவை அவசரத்தில் வீட்டிலேயே மடித்துவிட்டாள். அதையெல்லாம் அவள் அலுவலருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை. எழுதப்போன பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தார்.

"மேடம், முற்றுப்பெறாததைக் காட்சிப்பொருளா ஏத்தக் கூடாது. விதி பதினொண்ணு. நீங்களே எழுதினது."

மேடம் கண்ணைத் திறந்தார். இழுத்த மூச்சை விடுவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் திண்டாடினார். "துணி எப்போ இறங்கி முடியும்?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். நாலு நாள் என்று சொல்லியிருப்பாள், அதுதான் நிஜம். சொல்வதற்கு முன்னால் அந்த இரண்டு ஊழியர்களின் முகம் கண்ணில் பட்டது. பொய் பேசத் தெரியாதவள் என்று சொன்னேனே, அன்றைக்கும் பேசவில்லை.

"அது துணியோட இஷ்டம் மேடம்" என்றாள்.

அதுவரை அது ஜன்னலிலேயே இருக்கட்டும் என்று மேடம் மனசில்லாமல் சொன்னார். அலுவலர் ஆர்டர் கடிதத்தை எடுத்தார். முப்பதாம் தேதிக்குள் ஜன்னலில் தொங்கவிட வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. மடித்துத் தைக்க வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. இரண்டு தடவை படித்தார். ஜன்னல்களைப் பார்த்தார். தொங்கின. கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் யூனிஃபார்ம் கம்பெனி மேனேஜருக்கு அக்காவே போன் செய்து, மெஷினை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னாள். அவர் எதிர்முனையில் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. சுவர் கொஞ்சம் கனம்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சக்கரச் சட்டங்கள் நிழலில் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. இயங்கும் காட்சி நின்றுபோனதற்கு விருதுக்காரர்கள் வருத்தம் தெரிவித்தார்களாம். சட்டம் தள்ளினவர்களில் ஒருவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். மாதம் ஒருமுறை காட்சியகத்திலிருந்து, துணி இறங்கி முடிந்ததா எனத் தெரிவிக்கவும் என்று ஒரு கடிதம் வருகிறது. அக்கா போய்ப் பார்க்கிறாள், தலையைச் சாய்த்து அளக்கிறாள், நாலைந்து குண்டூசியை மாற்றிக் குத்துகிறாள், இன்னும் கொஞ்சம் போகட்டும் சார் என்று சொல்லிவிட்டு வருகிறாள்.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது ஜன்னலுக்கு ஆர்டர் வந்தது. போன அன்றே உள்ளே விட்டார்கள், டேப்பால் அளந்தாள், தைத்தாள், தொங்கவிட்டாள். ஐந்தாம் நாள் போய்க் கீழ் மடிப்பையும் ஒரே மட்டமாகத் தைத்துக் கொடுத்துவிட்டாள். மறுநாளே நான் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே யாருக்கும் எந்த இடத்திலும் எதுவும் தோன்றவில்லை. திரையை இழுத்துவிட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறார்கள்.